மரம் வெட்டிய பத்து நாளில் காய்ச்சலா? கண்ணுக்குத் தெரியாத பூஞ்சை, எள்ளளவு உண்ணி... எப்படித் தப்பிப்பது? முழு விவரம்!

மரம் வெட்டுற வேலையில் என்ன ஆபத்து என்று யாரைக் கேட்டாலும் பதில் சட்டென வரும். கிளை முறிந்து விழும், கயிறு அறுந்துபோகும், பவர் சா கை தவறும், மின்கம்பி உரசும். எல்லாமே கண்ணுக்குத் தெரிகிற ஆபத்துகள். அதனால்தான் வேலைக்கு இறங்கும் முன்பே மேஸ்திரி மேலேயும் கீழேயும் ஒரு முறை பார்த்துவிடுகிறார்.

ஆனால் இதே வேலையில் கண்ணுக்குத் தெரியாத இரண்டு ஆபத்துகளும் இருக்கின்றன. ஒன்று, மூச்சோடு உள்ளே போவது. இன்னொன்று, தோலில் ஏறிக் கடிப்பது. முதலாவது பூஞ்சை. இரண்டாவது உண்ணி. இரண்டுமே வேலை நடக்கும்போது எதையும் காட்டிக்கொள்ளாது. ஒன்று அன்று சாயங்காலம் தெரியும், இன்னொன்று பத்து நாள் கழித்துத் தெரியும். அதற்குள் வேலை பார்த்த இடமே மறந்துபோயிருக்கும்.

"சாதாரண காய்ச்சல்தான்" என்று மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கிப் போட்டுவிட்டு மறுநாள் மீண்டும் மரம் ஏறுகிறவர்கள் பலர். இங்கதான் சிக்கலே. இந்த நோய்களில் பலவற்றைச் சீக்கிரம் கண்டுபிடித்துவிட்டால் குணப்படுத்துவது எளிது. தாமதமானால் உயிருக்கே ஆபத்தாகலாம், இல்லையென்றால் ஒரு கண்ணின் பார்வை போகலாம்.

யாரெல்லாம் கவனமாக இருக்கணும், அறிகுறி என்ன, டாக்டரிடம் என்ன சொல்லணும்? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

யாருக்கெல்லாம் இந்த ஆபத்து?

கோடாலி பிடிக்கிறவர்களுக்கு மட்டும் என்று நினைத்துவிட வேண்டாம். பட்டியல் கொஞ்சம் நீளம்.

• மரம் வெட்டுபவர்கள், கிளை கழிப்பவர்கள், பட்டை உரிப்பவர்கள்

• மரக்கடை, சா மில், விறகுத் தொட்டியில் வேலை செய்பவர்கள்

• தேயிலை, காபி, முந்திரி, தென்னைத் தோட்டத் தொழிலாளர்கள்

• விறகு, சருகு, தழை சேகரிக்கக் காட்டுக்குள் போகிறவர்கள்

• சீமைக்கருவேலம் அகற்றுபவர்கள், நூறு நாள் வேலையில் புதர் வெட்டுபவர்கள்

• புயலுக்குப் பிறகு விழுந்த மரங்களை அப்புறப்படுத்தும் தூய்மைப் பணியாளர்கள், மின்வாரிய ஊழியர்கள், தீயணைப்பு வீரர்கள்

• வீட்டுத் தோட்டத்தில் ஞாயிற்றுக்கிழமை கத்தியும் கையுமாக இறங்குகிறவர்கள்

2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னையைத் தாக்கியபோதும், 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டாவைப் புரட்டிப்போட்டபோதும் விழுந்த மரங்கள் ஒரே நாளில் அகற்றப்படவில்லை. மழையில் நனைந்து, ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்து, நாள் கணக்கில் காத்திருந்தன. பூஞ்சைக்கு வேண்டியது அதுதான். ஈரம், இருட்டு, மரம் ஆகிய மூன்றும் ஒரே இடத்தில்.

மரத்தில் பூஞ்சை எப்படி வருகிறது?

மழைக்காலத்தில் அரிசி மூட்டையில், தோல் செருப்பில், சுவரில் பூசணம் பூப்பதைப் பார்த்திருப்போம். அதே குடும்பம்தான் இதுவும். காட்டில் விழுந்த இலையையும் கட்டையையும் மக்க வைத்து மண்ணாக்குவது பூஞ்சைகளின் வேலை. அவை இல்லையென்றால் காடே சருகுக் குப்பையாகிவிடும். ஆக, பூஞ்சை நமக்கு எதிரி இல்லை. அது அளவுக்கு மீறி நுரையீரலுக்குள் போவதுதான் பிரச்சினை.

செடிக்கு விதை மாதிரி, பூஞ்சைக்கு வித்துகள். காற்றில் பறந்து போய் அடுத்த இடத்தில் முளைப்பதற்கென்றே உருவானவை. 'ஆஸ்பர்ஜில்லஸ் ஃபியூமிகேட்டஸ்' என்ற பூஞ்சையின் வித்து 2 முதல் 3 மைக்ரான் அளவுதான் இருக்கும். நம் தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான். அதாவது ஒரு முடியின் குறுக்கே இருபதுக்கும் மேற்பட்ட வித்துகளை வரிசையாக அடுக்கலாம். மூக்கிலுள்ள முடியும் சளியும் பெரிய தூசியைப் பிடித்துவிடும். இவ்வளவு சிறியதை முழுவதும் பிடிக்க முடியாது. நேராக நுரையீரலின் கடைசிக் காற்றறை வரைக்கும் போய்விடும்.

பூஞ்சை பிடித்த கட்டையைச் சும்மா தூக்கினால் கொஞ்சம் பறக்கும். பட்டையை உரித்தால், பவர் சா போட்டு அறுத்தால், மெஷினில் போட்டுத் துண்டு துண்டாக்கினால் மேகம் மாதிரி கிளம்பும். சருகைத் தள்ளும் ஊதுகுழல் மெஷின் அதையே முகத்தின் உயரத்துக்குக் கிளப்பிவிடும்.

இன்னொரு விஷயம். மரத்துண்டுகளையும் தழையையும் குவியலாகப் போட்டு வைத்தால் உள்ளே சூடேறும். சில நேரம் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும். குப்பைக் குவியலைக் கிளறும்போது ஆவி பறக்கிறதே, அதற்குக் காரணம் இதுதான். வெப்பத்தைத் தாங்கும் பூஞ்சைகளும் பாக்டீரியாக்களும் அங்கே செழித்து வளரும். மனித உடலின் 37 டிகிரி அவற்றுக்கு ஒரு பொருட்டே இல்லை.

நுரையீரலுக்குள் போனால் என்ன ஆகும்?

நாம் எல்லோருமே தினமும் கொஞ்சம் பூஞ்சை வித்துகளைச் சுவாசித்துக்கொண்டுதான் இருக்கிறோம். ஆரோக்கியமான உடல் அவற்றைத் தானே அழித்துவிடும். அளவு கூடினாலோ உடல் பலவீனமாக இருந்தாலோ நான்கு விதமான சிக்கல்கள் வரலாம்.

1. சாயங்காலக் காய்ச்சல்

காலையில் பூஞ்சை பிடித்த குவியலைக் கிளறி வேலை பார்த்தவருக்கு, 4 முதல் 8 மணி நேரம் கழித்து உடம்பு நடுங்கும். காய்ச்சல், வறட்டு இருமல், நெஞ்சு இறுக்கம், உடல்வலி எல்லாம் சேர்ந்து வரும். ஒன்றிரண்டு நாளில் தானாகவே சரியாகிவிடும். "வெயில்ல நின்னது, மழையில நனைஞ்சது" என்று அதோடு விட்டுவிடுவார்கள். அளவுக்கு மீறிய தூசிக்கு உடல் காட்டும் எதிர்ப்பு இது. எவருக்கும் வரலாம்.

2. ஒவ்வாமை நுரையீரல் அழற்சி

இதுதான் கொஞ்சம் கவலைக்குரியது. ஆரம்பம் மேலே சொன்னது மாதிரியேதான் இருக்கும். ஆனால் சிலருக்கு மட்டும் உடலின் எதிர்ப்பு சக்தி அந்தத் தூசியைக் குறித்து வைத்துக்கொள்கிறது. அடுத்த முறை கொஞ்சமே போனாலும் நுரையீரல் வீங்குகிறது. மாதக்கணக்கில், வருடக்கணக்கில் இது தொடர்ந்தால் நுரையீரல் தழும்பேறி விறைத்துவிடும். அந்தத் தழும்பு மறையாது. மாடிப்படி ஏறவே மூச்சு வாங்கும்.

இந்த நோய்க்கு ஊருக்கு ஊர், தொழிலுக்குத் தொழில் ஒரு பெயர் உண்டு. பூசணம் பிடித்த வைக்கோலால் வந்தால் 'விவசாயி நுரையீரல்'. கரும்புச் சக்கையால் வந்தால் 'பகாசோசிஸ்'. மரவேலைக்கும் தனியாக ஒன்று இருக்கிறது. 1932-ம் ஆண்டு அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் வெளியான கட்டுரை, மேப்பிள் மரத்தின் பட்டையை உரித்த தொழிலாளர்களுக்குக் கடும் மூச்சுத்திணறல் வந்ததை விவரித்தது. பட்டைக்கு அடியில் கரித்தூள் மாதிரி படிந்திருந்த பூஞ்சை வித்துகள்தான் காரணம் என்று அந்த மருத்துவர்கள் கண்டறிந்தார்கள். மேப்பிள் நம் ஊர் மரம் இல்லை. ஆனால் பட்டைக்கு அடியில் கருப்பாகவோ வெள்ளையாகவோ பொடி படிந்த கட்டைகள் நம் விறகுக் கடைகளிலும் உண்டு.

3. ஆஸ்துமா இருப்பவர்களுக்கு

ஏற்கெனவே வீசிங் இருப்பவருக்குப் பூஞ்சைத் தூசி பட்டால் அது அதிகமாகும். சிலருக்கு ஆஸ்பர்ஜில்லஸ் மூச்சுக்குழாயிலேயே தங்கி ஒவ்வாமையைத் தூண்டிக்கொண்டே இருக்கும். இன்ஹேலர் எடுத்தும் கட்டுக்குள் வராத ஆஸ்துமா, பழுப்பு நிறக் கட்டிச் சளி இவை இருந்தால் நுரையீரல் மருத்துவரைப் பார்ப்பது நல்லது.

4. டிபி வந்து குணமானவர்களுக்கு

இது பலருக்குத் தெரியாத விஷயம். காசநோய் குணமான பிறகும் சிலரின் நுரையீரலில் குழி மாதிரி ஒரு வெற்றிடம் தங்கிவிடும். அந்த இடத்தில் ஆஸ்பர்ஜில்லஸ் வளர்ந்து பந்து மாதிரி உருண்டு நிற்கலாம். இருமும்போது ரத்தம் வரும். "டிபி திரும்ப வந்துருச்சு" என்று பயந்து போவார்கள், அல்லது டிபி மருந்தே மறுபடி சாப்பிடுவார்கள். சளிப் பரிசோதனையில் டிபி இல்லை என்று வந்தும் ரத்தம் நிற்கவில்லையா? பூஞ்சைக்கான சோதனை தேவையா என்று மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

கட்டுக்குள் இல்லாத சர்க்கரை நோய் உள்ளவர்கள், புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்கள், உறுப்பு மாற்று சிகிச்சை செய்துகொண்டவர்கள், நீண்ட நாளாக ஸ்டீராய்டு மாத்திரை எடுப்பவர்கள் பூஞ்சை பிடித்த மரக்குவியல் பக்கமே போகாமல் இருப்பதுதான் பாதுகாப்பு.

கண்ணில் தூசி விழுந்ததா? தேய்க்காதீங்க!

தமிழ்நாட்டைப் பொறுத்தவரை பூஞ்சையால் வரும் மிகப்பெரிய இழப்புகளில் ஒன்று கண்ணில்தான் நடக்கிறது. கிளை கழிக்கும்போது இலை நுனி கருவிழியை உரசும். சீமைக்கருவேல முள் கீறும். ரம்பத்தூள் தெறிக்கும். கீறல் சின்னதுதான். ஆனால் இலையிலும் முள்ளிலும் இருக்கும் பூஞ்சைக்கு அதுவே உள்ளே போகும் வாசல்.

மேலை நாடுகளில் கருவிழிப் புண் பெரும்பாலும் பாக்டீரியாவால் வருகிறது. தென் தமிழகத்தின் நிலைமை வேறு. மதுரையில் நடந்த ஆய்வில், கருவிழிப் புண்ணோடு வந்தவர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேருக்குப் பூஞ்சைதான் காரணமாக இருந்தது. 'ஃபியூசேரியம்', 'ஆஸ்பர்ஜில்லஸ்' இரண்டும்தான் முக்கியக் குற்றவாளிகள்.

இதற்கு எந்த மருந்து சிறந்தது என்பதற்கான உலகின் முக்கியமான ஆய்வுகளில் ஒன்றும் அரவிந்த் கண் மருத்துவமனையில்தான் நடந்தது. 2013-ல் வெளியான அந்த ஆய்வு, நேட்டாமைசின் என்ற பழைய சொட்டு மருந்தே புதிய வோரிகோனசோலைவிட நல்ல பலன் தருகிறது என்று காட்டியது. ஃபியூசேரியம் பூஞ்சையில் அந்த வித்தியாசம் தெளிவாகத் தெரிந்தது.

சரி, மருந்து இருக்கும்போது ஏன் பார்வை போகிறது? பெரும்பாலும் முதல் சில நாட்களில் நடக்கும் தவறுகளால்தான்.

• தாய்ப்பால், விளக்கெண்ணெய், மூலிகைச் சாறு விடுவது.

• நாக்கால் தூசி எடுக்கச் சொல்வது.

• மெடிக்கல் ஷாப்பில் "கண்ணு சிவந்திருக்கு" என்று சொல்லி ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்து வாங்கிப் போடுவது. சிவப்பு உடனே குறையும், வலியும் குறையும். ஆனால் உள்ளே பூஞ்சை வேகமாகப் பரவும். மூன்றிலும் மோசமானது இதுதான்.

தூசி விழுந்தால் சுத்தமான தண்ணீரில் கழுவலாம். அதற்கு மேல் எதுவும் வேண்டாம். உறுத்தல் மறுநாளும் போகவில்லை, வெளிச்சம் பார்த்தால் கூசுகிறது, கருவிழியில் வெள்ளையாக ஒரு புள்ளி தெரிகிறது என்றால் அன்றைக்கே கண் மருத்துவரிடம் போக வேண்டும்.

உண்ணியிலும் இரண்டு வகை. குழப்பிக்க வேண்டாம்!

நம் ஊரில் உண்ணி என்றால் மாட்டு உண்ணி, நாய் உண்ணி நினைவுக்கு வரும். ரத்தம் குடித்துப் பாக்கு மாதிரி உப்பி நிற்பது. அது முழு வளர்ச்சி அடைந்த உண்ணி. காட்டில் மனிதனைக் கடிப்பது பெரும்பாலும் அதன் குட்டிப் பருவம். எள் அளவுதான் இருக்கும். கருப்பு மச்சம் என்று நினைத்து விட்டுவிடுவோம்.

இதைவிடச் சிறியது இன்னொன்று இருக்கிறது. 'சிகர்' என்று சொல்லப்படும் நுண்ணிய பூச்சியின் இளம்பருவம். கால் மில்லிமீட்டர்கூட இருக்காது. வெறும் கண்ணால் பார்ப்பது கஷ்டம். புல் நுனியிலும் சருகிலும் ஏறி உட்கார்ந்து, எலியோ மனிதனோ உரசிப் போகட்டும் என்று காத்திருக்கும். பத்திரிகைச் செய்திகளில் இரண்டையுமே 'உண்ணி' என்று எழுதுவதால் குழப்பம் வருகிறது. இரண்டும் பரப்பும் நோய்கள் வேறு, சிகிச்சையும் வேறு.

ஸ்க்ரப் டைபஸ்: தமிழ்நாட்டுக்குப் பழக்கமான காய்ச்சல்

சிகர் கடித்தால் 'ஓரியன்சியா சுட்சுகாமுஷி' என்ற பாக்டீரியா உடலுக்குள் போகலாம். அதனால் வருவதுதான் ஸ்க்ரப் டைபஸ். இது காட்டுக்குள் மட்டும் இருக்கும் நோய் இல்லை. வயல் வரப்பு, ஏரிக்கரைப் புதர், வீட்டுக்குப் பின்னால் இருக்கும் விறகுக் குவியல் என்று எலியும் புதரும் இருக்கும் எல்லா இடத்திலும் வரலாம். தமிழ்நாட்டில் மழைக்காலத்திலும் அதையடுத்த குளிர் மாதங்களிலும் அதிகம்.

வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை ஆய்வாளர்கள் வெளிநாட்டு நிறுவனங்களோடு சேர்ந்து, தமிழகத்தின் 37 கிராமங்களில் சுமார் 32,000 பேரை இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து கண்காணித்தார்கள். நினைத்ததைவிட இந்தத் தொற்று கிராமங்களில் மிகப் பரவலாக இருக்கிறது என்பதுதான் அதில் தெரிந்தது. பலருக்கு அறிகுறியே இல்லாமல் வந்து போகிறது. சிலருக்கு மட்டும் தீவிரமாகிறது.

அறிகுறிகள் என்ன?

• கடித்த 6 முதல் 21 நாளுக்குள் கடும் காய்ச்சல், தலைவலி, உடல்வலி

• கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்ட மாதிரி ஒரு கருப்புப் பொருக்கு. வலிக்காது, அரிக்காது. அதனால் பலர் கவனிப்பதே இல்லை

• அக்குள், இடுப்பு, தொடை இடுக்கு, மார்புக்கு அடியில் என்று துணி இறுக்கும் இடங்களில்தான் இந்தப் புண் அதிகம் வரும்

• நெறி கட்டுதல், சிலருக்கு உடலில் தடிப்பு

• தாமதமானால் மூச்சுத்திணறல், மஞ்சள் காமாலை, சிறுநீரகப் பாதிப்பு, மூளைக் காய்ச்சல்

ஒரு விஷயத்தை மறக்கக் கூடாது. எல்லோருக்கும் இந்தக் கருப்புப் புண் வராது. புண் இல்லை என்பதால் ஸ்க்ரப் டைபஸ் இல்லை என்று முடிவு செய்ய முடியாது.

நல்ல செய்தி என்னவென்றால், இதற்கு மருந்து உண்டு. விலை மலிவான டாக்ஸிசைக்ளின் அல்லது அசித்ரோமைசின். சரியான நேரத்தில் ஆரம்பித்தால் பெரும்பாலும் இரண்டே நாளில் காய்ச்சல் இறங்கிவிடும். நோய் முற்றியவர்களுக்கு ஒரு மருந்தைவிட இரண்டையும் சேர்த்து நரம்பு வழியாகக் கொடுப்பது நல்ல பலன் தருகிறது என்று சி.எம்.சி. தலைமையில் இந்தியாவின் பல மருத்துவமனைகளில் நடந்து, 2023-ல் வெளியான ஆய்வு காட்டியது. இதற்காகக் கடையில் நாமே மாத்திரை வாங்கிப் போடக் கூடாது. எந்த மருந்து, எவ்வளவு, யாருக்கு என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். இந்த நோய்க்குத் தடுப்பூசி கிடையாது.

குரங்கு காய்ச்சல்: நீலகிரி எல்லையில் நிற்கும் வைரஸ்

1957-ம் ஆண்டு. இன்றைய கர்நாடகாவின் சிவமொக்கா மாவட்டம், கியாசனூர் காடு. குரங்குகள் அடுத்தடுத்து செத்து விழுந்தன. அக்கம்பக்கத்து கிராம மக்களுக்குக் கடும் காய்ச்சலும் ரத்தக்கசிவும் வந்தது. ஆராய்ந்தபோது அதுவரை அறியாத ஒரு புதிய வைரஸ் என்று தெரிந்தது. காட்டின் பெயரையே நோய்க்கு வைத்தார்கள். 'கியாசனூர் காட்டு நோய்'. ஊர் மக்கள் சொல்வது குரங்கு காய்ச்சல். சமீபத்தில் பேசப்பட்ட குரங்கம்மைக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

இதைப் பரப்புவது 'ஹீமாஃபிசாலிஸ்' வகைக் காட்டு உண்ணிகள். குரங்கு செத்ததும் அதன் உடம்பில் இருந்த உண்ணிகள் கீழே இறங்கிவிடும். அந்த இடமே ஆபத்தான இடமாகிவிடும். அந்த வழியாக விறகுக்கோ சருகுக்கோ போகிறவர்கள் கடிபடுவார்கள். டிசம்பர் முதல் மே வரைதான் இதன் சீசன். உண்ணிகளின் குட்டிப் பருவம் அதிகம் நடமாடுவதும், மக்கள் காட்டுக்குள் அதிகம் போவதும் அதே மாதங்களில்தான்.

மரவேலைக்கும் இந்த நோய்க்கும் நேரடித் தொடர்பு உண்டு. 1980-களின் தொடக்கத்தில் தட்சிண கன்னடா மாவட்டத்தின் பெல்தங்கடி பகுதியில் முந்திரித் தோட்டம் போடுவதற்காகக் காட்டை வெட்டினார்கள். அதைத் தொடர்ந்து அங்கே பெரிய அளவில் நோய் பரவியது. காட்டை வெட்டும்போது குரங்கும் உண்ணியும் மனிதனும் ஒரே இடத்தில் நெருங்கி வர நேர்கிறது. மேய்ச்சல் மாடுகள் வளர்ந்த உண்ணிகளுக்கு உணவாகி, அவற்றின் எண்ணிக்கையைப் பெருக்கிவிடுகின்றன.

பல ஆண்டுகள் சிவமொக்காவிலும் அக்கம்பக்கத்து மாவட்டங்களிலும் மட்டும் இருந்த இந்த நோய், 2012-க்குப் பிறகு மேற்குத் தொடர்ச்சி மலை நெடுக இடம் மாறியது. பந்திப்பூர், கேரளாவின் வயநாடு, கோவா, மகாராஷ்டிராவின் சிந்துதுர்க் என்று பட்டியல் நீண்டது. நீலகிரியில் இறந்து கிடந்த குரங்குகளிலும் வைரஸ் கண்டறியப்பட்டது. எனவே கூடலூர், முதுமலை, மசினகுடி பக்கம் காட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கு இது வேறு மாநிலத்துச் செய்தி இல்லை.

கடித்த 3 முதல் 8 நாளில் திடீரெனக் குளிர் காய்ச்சல், தாங்க முடியாத தலைவலி வரும். அடுத்த சில நாளில் கடும் உடல்வலி, வாந்தி, சிலருக்கு மூக்கிலும் ஈறிலும் ரத்தக்கசிவு. ஒன்றிரண்டு வாரத்தில் பெரும்பாலோர் தேறிவிடுவார்கள். ஆனால் 10 முதல் 20 சதவீதம் பேருக்கு இரண்டாவது சுற்றுக் காய்ச்சல் வரும். இந்த முறை கை நடுக்கம், மனக்குழப்பம், பார்வைக் கோளாறு சேர்ந்துகொள்ளும். நோய் வந்தவர்களில் 3 முதல் 5 சதவீதம் பேர் வரை உயிரிழக்கலாம். ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் பரவாது. இதற்கென்று தனி மருந்து கிடையாது. உடலில் நீர்ச்சத்து குறையாமல், ரத்தக்கசிவைக் கவனித்துக் காப்பாற்றுவதுதான் சிகிச்சை. கர்நாடகாவில் பல ஆண்டுகள் போடப்பட்ட பழைய தடுப்பூசி போதிய பலன் தராததால் நிறுத்தப்பட்டுவிட்டது.

காட்டில் குரங்கு செத்துக் கிடந்தால் தொடாதீர்கள், பக்கத்தில் போகாதீர்கள். வனத்துறைக்கோ சுகாதாரத் துறைக்கோ உடனே சொல்லுங்கள்.

காய்ச்சல் எப்போ வந்தது? நாள் கணக்கு முக்கியம்

டெங்கு, மலேரியா, டைபாய்டு, எலிக்காய்ச்சல் எல்லாமே ஆரம்பத்தில் ஒரே மாதிரிதான் இருக்கும். அறிகுறியை மட்டும் வைத்து நாமே முடிவு செய்ய முடியாது. ஆனால் வேலை பார்த்த நாளுக்கும் காய்ச்சல் வந்த நாளுக்கும் உள்ள இடைவெளி டாக்டருக்கு நல்ல துப்பு.

• அன்றே, சில மணி நேரத்தில்: பூஞ்சைத் தூசியாக இருக்கலாம்

• 3 முதல் 8 நாள், அதுவும் மலைக்காட்டு வேலை: குரங்கு காய்ச்சலையும் யோசிக்க வேண்டும்

• 6 முதல் 21 நாள், புதர் அல்லது விறகுக் குவியல் வேலை: ஸ்க்ரப் டைபஸ் சோதனை கேட்க வேண்டும்

• வாரக்கணக்கில் இருமல், வேலைக்குப் போகும் நாளில் அதிகம், லீவு நாளில் குறைவு: ஒவ்வாமை நுரையீரல் அழற்சியா என்று பார்க்க வேண்டும்

டாக்டரிடம் போனதும் சொல்ல வேண்டியது இதுதான்: "நான் மரம் வெட்டுற வேலை பாக்குறேன். இத்தனை நாளுக்கு முன்னாடி இந்த ஊர்க் காட்டுல வேலை செஞ்சேன்." டாக்டர் கேட்கவில்லை என்றாலும் நீங்களாகச் சொல்லிவிடுங்கள். கூட்டமான ஓ.பி.யில் வேலையைப் பற்றிய கேள்வி விட்டுப்போவது சகஜம். 1700-ம் ஆண்டிலேயே இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ரமாசினி, தொழில் நோய்கள் பற்றிய தன் நூலில், நோயாளியிடம் "என்ன வேலை செய்கிறாய்?" என்று கேட்கச் சொன்னார். முந்நூறு ஆண்டுகள் கடந்தும் அந்தக் கேள்வி பழசாகவில்லை.

உண்ணி ஒட்டிக்கொண்டால் எப்படி எடுப்பது?

மண்ணெண்ணெய் ஊற்றுவது, சுண்ணாம்பு வைப்பது, பீடி நெருப்பால் சுடுவது, இவை எதுவும் கூடாது. எரிச்சலில் உண்ணி தன் எச்சிலை இன்னும் உள்ளே தள்ளிவிடலாம். விரலால் நசுக்கவும் கூடாது.

1. நுனி கூர்மையான ட்வீசரால், தோலை ஒட்டி, உண்ணியின் தலைப்பக்கத்தைப் பிடிக்க வேண்டும்.

2. திருகாமல், வெடுக்கென இழுக்காமல், நேராக மேலே ஒரே சீராக இழுக்க வேண்டும்.

3. கடிபட்ட இடத்தையும் கையையும் சோப்பு போட்டுக் கழுவ வேண்டும்.

4. எந்தத் தேதியில், எந்த இடத்தில் கடித்தது என்று செல்போனில் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.

5. அடுத்த மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால் அந்தப் போட்டோவோடு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

சிகர் கண்ணுக்குத் தெரியாது என்பதால் பிடுங்கி எடுக்க முடியாது. வேலை முடிந்ததும் சோப்பு தேய்த்துக் குளிப்பதுதான் அதற்கு வழி.

தப்பிக்க என்ன செய்யணும்?

வேலைக்குப் போகும் முன்:

• முழுக்கை சட்டை, முழு பேன்ட். பேன்ட் நுனியை சாக்ஸுக்குள் செருகிவிடுங்கள். வெளிர் நிறத் துணியில் உண்ணி ஊர்வது பளிச்சென்று தெரியும்

• பூச்சி விரட்டிக் களிம்பு, எண்ணெய். கர்நாடகாவில் காட்டோரக் கிராமங்களுக்கு 'டெபா' என்ற பூச்சி விரட்டியை அரசே கொடுக்கிறது. மருந்துக் கடையில் 'டீட்' கலந்தவை கிடைக்கும்

• என்-95 மாஸ்க். முகத்தில் சுற்றும் துண்டு பெரிய தூசியைத் தடுக்கும், பூஞ்சை வித்தைத் தடுக்காது. மாஸ்க் மூக்கோடும் தாடையோடும் இடைவெளி இல்லாமல் படிய வேண்டும்

• கண்ணைச் சுற்றி மூடும் கண்ணாடி. வெயில் கண்ணாடி போதாது

வேலை செய்யும்போது:

• பூஞ்சை பிடித்த குவியலைக் கிளறும் முன் தண்ணீர் தெளியுங்கள். தூசி பாதியாகக் குறையாவிட்டாலும் முகத்துக்கு நேரே கிளம்புவது குறையும்

• காற்று முதுகுப் பக்கமிருந்து வீசும்படி நில்லுங்கள்

• சருகின் மேல் உட்கார்ந்து சாப்பிடுவது, படுத்துத் தூங்குவது வேண்டாம். தார்ப்பாய் விரித்துக்கொள்ளலாம்

• கழற்றிய சட்டையைப் புதர் மேல் போடாதீர்கள். கிளையில் தொங்கவிடலாம்

வேலை முடிந்த பிறகு:

• வேலைத் துணியோடு வீட்டுக்குள் போய்க் குழந்தையைத் தூக்க வேண்டாம். துணியைத் தனியாக வெந்நீரில் துவைத்து வெயிலில் போடுங்கள்

• குளிக்கும்போது அக்குள், இடுப்பு, முழங்கால் மடிப்பு, காது மடலுக்குப் பின்னால் என்று எல்லா இடத்தையும் பாருங்கள். முதுகைப் பார்க்க வீட்டில் யாரையாவது கேளுங்கள்

• விறகை வீட்டுச் சுவரை ஒட்டி அடுக்காதீர்கள். எலி வந்தால் சிகரும் வரும்

செலவு யார் பொறுப்பு?

இவ்வளவும் ஒரு கூலித் தொழிலாளி தன் காசில் செய்ய முடியுமா என்ற கேள்வி நியாயமானது. மாஸ்க்கும் கண்ணாடியும் வாங்கித் தருவது வேலை கொடுப்பவரின் கடமை. ஒப்பந்ததாரராக இருந்தாலும், வீட்டு மரத்தை வெட்ட ஆள் கூப்பிடும் உரிமையாளராக இருந்தாலும் ஒரு நாள் கூலியில் சிறு பகுதிதான் அது.

சட்டமும் இதைக் கண்டுகொள்ளாமல் இல்லை. 1923-ம் ஆண்டின் ஊழியர் இழப்பீட்டுச் சட்டத்தின் மூன்றாவது அட்டவணை, எந்தெந்த நோய்களைத் தொழில் நோயாகக் கருதலாம் என்று பட்டியலிட்டது. கரிமத் தூசியைச் சுவாசிப்பதால் வரும் ஒவ்வாமை நுரையீரல் அழற்சி அதில் இருந்தது. தொற்று அபாயம் அதிகமுள்ள வேலையில் வரும் தொற்றுநோய்களும் இருந்தன. 2020-ம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் தொழில் நோய்களுக்கென்று அப்படி ஓர் அட்டவணையை வைத்திருக்கிறது.

ஆனால் நடைமுறையில் முட்டுக்கட்டை வேறு இடத்தில். மரம் வெட்டும் வேலையில் பெரும்பாலோர் தினக்கூலிகள். வேலைக்குச் சேர்ந்ததற்குச் சீட்டு இருக்காது. நோய் வருவது வேலை முடிந்து பத்து நாள் கழித்து. அதற்குள் ஒப்பந்ததாரர் வேறு ஊரில் இருப்பார். எனவே வேலை செய்த தேதி, இடம், கூலி வாங்கிய விவரம் ஆகியவற்றைக் குறித்து வைப்பதும், ஆஸ்பத்திரிச் சீட்டில் தொழிலை எழுதச் சொல்வதும் பிற்பாடு உதவும். அமைப்புசாரா தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்து வைப்பதும், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டையைக் கையில் வைத்திருப்பதும் நல்லது.

எப்போது உடனே ஆஸ்பத்திரி?

• காட்டு வேலை, புதர் வேலை முடிந்து மூன்று வாரத்துக்குள் இரண்டு நாளுக்கு மேல் காய்ச்சல்

• உடலில் எங்காவது கருப்புப் பொருக்குப் புண்

• மூச்சுத்திணறல், இருமலில் ரத்தம்

• மூக்கு, ஈறில் ரத்தக்கசிவு, மனக்குழப்பம், வலிப்பு

• கண்ணில் தூசி பட்ட பிறகு தீராத உறுத்தல், வெள்ளைப் புள்ளி

சந்தேகம் கேட்கத் தமிழக அரசின் 104 மருத்துவ உதவி எண் இருக்கிறது. அவசரம் என்றால் 108.

பவர் சாவுக்குப் பெட்ரோல் இருக்கிறதா, கயிறு நன்றாக இருக்கிறதா என்று பார்க்கிற நேரத்தில் இன்னும் ஒரு நிமிடம் சேர்த்து மாஸ்க், கண்ணாடி, சாக்ஸ் மூன்றையும் பார்த்துக்கொள்ளலாம். வீட்டில் மரம் வெட்ட நாளைக்கு யாரையாவது கூப்பிட்டிருக்கிறீர்களா? அந்த அண்ணனுக்கு டீயோடு ஒரு என்-95 மாஸ்க்கும் வாங்கிக் கொடுங்கள்.